இரண்டு வயதுப் பிள்ளையோடு கிறிஸ்துமஸ் கைவேலை: பெங்களூரு வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

2024 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்த கையோடு பெங்களூரிலும் விடாத தூறல். லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பன்னிரண்டு உப்பு மாவு நட்சத்திரங்களைக் காய வைத்திருந்தேன். ஐந்தாவது நாள் ஒன்றைத் தொட்டுப் பார்த்தால் விரல் உள்ளே அமுங்கியது. அதே வாரம் கடையில் வாங்கிய மினுக்குத் தூள் பாப்பாவின் கண்ணில் பட்டு, இரவு ஒன்பது மணிக்குக் கண் மருத்துவரைத் தேடி அலைந்தோம். அப்போது அவளுக்கு ஒன்றே முக்கால் வயது.

2025ல் ஏறக்குறைய இதே வேலைகளை மறுபடி செய்தோம். ஒன்றுகூட வீணாகவில்லை. நான் மாற்றிக்கொண்டது ஒரே விஷயம்தான்: பிள்ளையின் வேலையையும் என் வேலையையும் தனித்தனியாகப் பிரித்தேன். இந்த வயதில் ஒரு பிள்ளை ஒரு காரியத்தில் ஐந்து நிமிஷம், மிஞ்சினால் பத்து நிமிஷம் உட்காரும். அதற்குள் அது செய்வது ஒரே ஓர் அசைவாக இருக்க வேண்டும். அமுக்குவது, ஒட்டுவது, தூவுவது, குத்துவது, இவற்றில் ஒன்று. வெட்டுவது, பிசைவது, காய வைப்பது எல்லாம் பிள்ளை தூங்கும்போது நீங்கள் செய்ய வேண்டியவை. கீழே ஒவ்வொன்றையும் அந்தப் பிரிவினையோடுதான் எழுதியிருக்கிறேன். ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இது சரிவரும்.

1. முதலில் நாள்காட்டி

பொருள் வாங்குவதற்கு முன்னாலேயே 25ஆம் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். செய்ய ஐந்து நிமிஷம்தான் ஆகும். காய்வதற்கும் முளைப்பதற்கும்தான் நாள் பிடிக்கும். எங்கள் கணக்கு இப்படி இருந்தது:

நவம்பர் கடைசி வாரம்: பொருள்கள் வாங்குவது.
டிசம்பர் 1 முதல் 7 வரை: உப்பு மாவு நட்சத்திரம்.
8 முதல் 11 வரை: கைத்தட வாழ்த்து அட்டை. 12ஆம் தேதிக்குள் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.
13ஆம் தேதி இரவு: கிறிஸ்து பிறப்புக் குடிலில் புல்லாக முளைக்க வைக்கும் ராகியை ஊற வைப்பது.
18, 19, 20: வெண்டைக்காய் அச்சுத் தாள்.
22 அல்லது 23: ஜன்னல் நட்சத்திரம்.

ஒரு நாளைக்கு ஒரு வேலைக்கு மேல் வேண்டாம். நேரம், காலை தூக்கம் விழித்துச் சாப்பிட்டு முடித்த பிறகு. மாலை ஆறு மணிக்கு மேல், அலுவலகத்திலிருந்து வந்த களைப்போடு நீங்களும் பசியோடு பிள்ளையும் உட்கார்ந்தால் அது நடக்காது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு என்றால் சனி, ஞாயிறு காலைகளுக்குப் பட்டியலைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஐந்தில் மூன்று செய்தால்கூடப் போதும்.

2. என்ன வாங்குவது, எங்கே, எவ்வளவு

பாதிக்கு மேல் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. வெளியே வாங்க வேண்டியவை: கெட்டி அட்டைத் தாள், பிரவுன் தாள், பட்டம் விடும் மெல்லிய கலர்த் தாள் அல்லது கண்ணாடித் தாள், புத்தகத்துக்கு அட்டை போடும் ஒட்டும் பிளாஸ்டிக் சுருள், கழுவினால் போகும் கலர், ஒரு சுருள் சாட்டின் ரிப்பன், ஒரு சின்ன டப்பா வார்னிஷ்.

தாள், அட்டை வகைகளுக்கு அவென்யூ ரோடு. பச்சைத் தடத்தில் சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். அங்கே மொத்தக் கடைகள் பலவும் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். சனிக்கிழமை முற்பகல் போங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். நடைபாதையே இல்லாத இடங்கள் உண்டு, தள்ளுவண்டி உருளாது. நட்சத்திரம், தோரணம் என்று கிறிஸ்துமஸ் பொருளாகவே வேண்டுமென்றால் சிவாஜிநகர், கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம். அங்கே டிசம்பர் இரண்டாவது வாரத்துக்கு மேல் கூட்டத்தில் நிற்க முடியாது, விலையும் ஏறிவிடும். ஒரே ஒரு பாக்கெட் தாளுக்காக அவ்வளவு தூரம் போவது வீண். தெருமுனை ஸ்டேஷனரிக் கடையிலேயே முக்கால்வாசி கிடைக்கும்.

எனக்கு ஆன செலவு: மைதாவும் தூள் உப்பும் சேர்த்து 90 ரூபாய்க்குள். தாள்கள் எல்லாம் 120. கலர் 150. ஒட்டும் சுருள் 80. ரிப்பன், வார்னிஷ் 100. ராகி, கோதுமை, தென்னைநார்க் கழிவு 70. மொத்தம் 610 ரூபாயைத் தாண்டவில்லை. வீட்டில் கலர் ஏற்கெனவே இருந்தால் இன்னும் குறையும்.

ராகி வாங்கும்போது ஒரு சின்ன விஷயம். இங்கே மளிகைக் கடையில் வெறுமனே 'ராகி' என்று கேட்டால் மாவுப் பொட்டலத்தைத்தான் பல நேரம் நீட்டுவார்கள். 'ராகி காளு' என்று கேளுங்கள், முழுத் தானியம் கிடைக்கும்.

3. லேபிளைப் படிக்காமல் பில் போடாதீர்கள்

இந்தியாவில் பதினான்கு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். பொம்மை என்று விற்கப்படும் களிமண் மாவு, அச்சுப் பெட்டி போன்றவற்றில் அந்த முத்திரையும், அதனருகே சி.எம்./எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். எந்த நிறுவனத்துக்குக் கொடுத்த உரிமம், இன்னும் செல்லுமா என்று கடையில் நின்றபடியே தெரிந்துவிடும்.

இரண்டாவது, சிவப்பு வட்டத்துக்குள் குழந்தை முகமும் 0-3 என்ற எண்ணும், குறுக்கே ஒரு கோடும் போட்ட படம். மூன்று வயதுக்குக் கீழே கொடுக்காதே என்று அர்த்தம். கைவேலைப் பெட்டிகள் பலவற்றில் இது அடியில் பொடியாக அச்சிட்டிருக்கும். மேலே சிரிக்கும் பனிமனிதனைப் பார்த்து மயங்கி வாங்கிவிடாதீர்கள்.

மூன்றாவது, சமையல் கலர் வாங்கினால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற எழுத்தும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தையில் உதிரியாகப் பொட்டலம் கட்டித் தரும் கலர்ப் பொடி வேண்டவே வேண்டாம். கோலப் பொடிக்கானதும் சாப்பாட்டுக்கானதும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பில்லை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் மினுக்குத் தூள் வாங்கிய கடையில் பில் வாங்கவில்லை. அதனால் திரும்பப் போய்க் கேட்க எனக்கு ஆதாரம் எதுவும் இருக்கவில்லை.

4. வீட்டுக்குள் வரக் கூடாதவை

பொத்தான் பேட்டரி. இந்தப் பட்டியலில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மினுங்கும் சின்ன மெழுகுவத்தி விளக்கு, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, கிறிஸ்துமஸ் தாத்தா தொப்பியில் பளிச்சிடும் பல்பு, எல்லாவற்றுக்குள்ளும் அந்த வட்ட பேட்டரிதான் இருக்கிறது. பிள்ளை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வெந்துபோகும் அளவுக்குக் காயம் ஆகலாம். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள், ஆம்புலன்ஸுக்கு 108. பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடியதாக இல்லையென்றால் அந்தப் பொருள் வீட்டுக்கு வேண்டாம்.

மினுக்குத் தூள், தெர்மாகோல் மணிகள், தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல்லி மணிகள், குண்டூசி, ஸ்டேப்ளர் பின், சூட்டுப் பசைத் துப்பாக்கி, இவையும் வேண்டாம். எது சின்னது, எது பெரியது என்று தெரியவில்லையென்றால் டாய்லெட் தாள் சுருளின் நடு அட்டைக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். பொம்மைச் சோதனைக்கான உருளையின் அகலம் 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இந்தக் குழாய் அதைவிடக் கொஞ்சம் பெரியது. இதற்குள் நுழையும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கையில் இருக்கக் கூடாது. மணி, பொத்தான், ஒட்டுக் கண், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் சின்னக் குண்டு, எல்லாம் உள்ளே போய்விடும். போட்டுப் பாருங்கள்.

5. பசையை வீட்டிலேயே காய்ச்சுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து ஆச்சி போனில் சொன்னது இது: "பிள்ளை வாய்ல வைக்கும்ளா, கடைப் பசை எதுக்கு? ரெண்டு கரண்டி மைதாவக் காய்ச்சு." இரண்டு மேஜைக்கரண்டி மைதாவைக் கால் கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். முக்கால் கப் தண்ணீர் கொதிக்கும்போது அதை ஊற்றி, இரண்டு மூன்று நிமிஷம் கைவிடாமல் கிண்டினால் கஞ்சி கண்ணாடி போலப் பளபளக்கும். அவ்வளவுதான். மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சுவரொட்டி ஒட்டுகிற பழைய மைதா பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். பெரியவர்கள் யாராவது நல்ல மனசோடு அந்த வழியைச் சொன்னால் கேட்காதீர்கள். அது விஷம்.

6. உப்பு மாவு நட்சத்திரம்

உங்கள் வேலை முந்தின இரவு: 2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு, முக்கால் கப் வெந்நீர். சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகப் பத்து நிமிஷம் பிசையுங்கள். தேவைப்பட்டால் மட்டும் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கூட்டுங்கள். கல் உப்பு போட்டால் கரையாமல் மேலே குண்டு குண்டாகத் தெரியும். இந்த அளவில் இருபது, இருபத்தைந்து நட்சத்திரம் வரும். மாவை மூடி வெளியிலேயே வைக்கலாம்.

காலையில் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து வைத்துவிட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். பிள்ளையின் பங்கு, பிஸ்கட் அச்சை வைத்து அமுக்குவது. அச்சின் கூரான பக்கம் கீழே இருக்கட்டும். மேல் பக்கம் கையை அறுக்காத பிளாஸ்டிக் அச்சாகப் பாருங்கள். அப்புறம் கிராம்பு, சோம்பு எதையாவது குத்தி அலங்கரிக்கலாம் என்று ஆசை வரும். அந்தக் குழாய்ச் சோதனையை நினைவில் வையுங்கள். நான் பின்னல் கூடையின் அடிப்பாகத்தை மாவில் அழுத்தச் சொன்னேன். நட்சத்திரத்தின் மேல் பாய் நெய்தது போலக் கோடு விழுந்தது. அவள் விரலை அமுக்கிய குழியும் ஒரு மூலையில் இருக்கிறது. ரிப்பன் கோக்கிற ஓட்டையை ஜூஸ் குழாயால் நீங்களே போடுங்கள். விளிம்புக்கு மிக அருகில் போட்டால் காய்ந்ததும் உடைந்துவிடும், ஒரு விரல் கனம் தள்ளிப் போடுங்கள்.

இந்த மாவு உப்புக் கரிப்பதால் நாக்கில் பட்டதும் பிள்ளையே துப்பிவிடும். ஆனாலும் ஒரு கட்டியை விழுங்க விடாதீர்கள். அத்தனை உப்பு சின்ன உடம்புக்கு ஆபத்து. வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் அப்படியே.

இனிக் காய வைப்பது. இங்கேதான் முதல் வருஷம் நான் தோற்றேன். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பெங்களூரு டிசம்பரில் காலை மூட்டமும், வங்கக் கடலில் புயல் வந்தால் நாலு நாள் தூறலும் உண்டு. அப்போது வெளியே வைத்த மாவு காய்வதற்குப் பதில் வியர்க்கும். ஓவன் இருந்தால் யோசிக்காமல் அதைப் பயன்படுத்துங்கள்: 110 முதல் 120 டிகிரிக்குள் இரண்டு, இரண்டரை மணி நேரம், பாதியில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். சூட்டைக் கூட்டினால் சீக்கிரம் ஆகும் என்று 180ல் வைத்தால் பூரி மாதிரி உப்பி, பழுப்பாகிவிடும். மைக்ரோவேவிலும் குமிழ் விடும். ஓவன் இல்லையென்றால் வானிலை முன்னறிவிப்பில் ஐந்து நாள் வெயில் இருக்கும் வாரத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். தட்டில் வைக்காமல் கம்பி வலை மேல் வையுங்கள், அடிப்பக்கமும் காற்று வாங்க வேண்டும். தினம் இரண்டு தடவை திருப்புங்கள், இரவில் மின்விசிறிக்குக் கீழே. காய்ந்ததா என்று பார்க்க நகத்தால் தட்டுங்கள்: 'டக்' என்று ஓடு தட்டியது போலக் கேட்டால் சரி, 'தொப்' என்றால் உள்ளே ஈரம்.

நன்றாகக் காய்ந்த பிறகு பிள்ளை கலர் பூசட்டும். கலரும் காய்ந்தபின், அவள் தூங்கியதும் ஜன்னலைத் திறந்து வைத்து இரண்டு பக்கமும் வார்னிஷ் அடித்து ஒரு முழு நாள் விடுங்கள். இந்தப் பூச்சு இல்லாவிட்டால் அடுத்த மழைக்கே பிசுபிசுக்கும்.

7. கைத்தட வாழ்த்து அட்டையும் தபாலும்

சிவப்பு அட்டையில் வெள்ளைக் கலரில் கைத்தடம். விரல்கள் கீழே பார்க்கும்படி அட்டையைத் திருப்பினால் நான்கு விரலும் தாடி, உள்ளங்கை முகம், கட்டைவிரல் தொப்பியின் குஞ்சம். கிறிஸ்துமஸ் தாத்தா தயார். கண்ணும் தொப்பியும் நீங்கள் பேனாவால் வரைந்துவிடலாம்.

சொல்ல எளிது, ஆனால் தூரிகை உள்ளங்கையில் பட்டதும் பிள்ளை கூச்சத்தில் கையை மூடிவிடும். தூரிகைக்குப் பதிலாக, பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்சை வெட்டி, கலரில் தோய்த்து, ஒரு தட்டில் போடுங்கள். பிள்ளை அதில் கையைத் 'தப்' என்று வைக்கட்டும். அதுதான் அவள் பங்கு. உடனே அட்டைக்குக் கொண்டுபோய், மேலிருந்து உங்கள் கையால் ஒவ்வொரு விரலாக மென்மையாக அழுத்தி, நேராக மேலே தூக்குங்கள். இழுத்தால் கலைந்துவிடும். அட்டையை வழுவழுப்பான மேஜையில் வைக்காமல் ஒரு துண்டின் மேல் வையுங்கள், நகராது. பக்கத்தில் ஈரத்துணி கட்டாயம். நான்கு அட்டை வேண்டுமென்றால் ஏழு வெட்டி வையுங்கள். குளிக்கப் போவதற்கு முந்தின பத்து நிமிஷம் இதற்கு மிக நல்ல நேரம்.

முழுதாக ஒரு நாள் காய்ந்த பிறகே உறையில் போடுங்கள். முகப்பின் மேல் ஒரு பட்டர் தாளை வைத்தால் ஒட்டிக்கொள்ளாது.

ஊருக்கு அனுப்ப ஸ்பீட் போஸ்ட் போதும். பதிவுத் தபாலை 2025ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள்; அதனால் கவுண்டரில் பதிவுத் தபால் கேட்டு நிற்க வேண்டாம். உறையில் பெறுபவர், அனுப்புபவர் இரண்டு பேர் முகவரியும் பின்கோடும் கைபேசி எண்ணும் இருக்கட்டும். அட்டையும் உறையும் சேர்ந்து 50 கிராமுக்குள் நிற்கிறதா என்று வீட்டுச் சமையலறைத் தராசில் பார்த்துவிட்டுப் போங்கள்; அதற்கு மேல் போனால் கட்டணப் படி மாறும். எங்கள் ஒரு அட்டைக்கு 60 ரூபாய்க்குள்தான் ஆனது. ரசீதில் 13 எழுத்து எண் இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்தால், எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். உப்பு மாவு நட்சத்திரத்தையும் உறைக்குள் திணிக்காதீர்கள், தூளாகத்தான் போய்ச் சேரும்.

8. குடிலுக்கு ராகிப் புல்

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இது. ஊரில் குடில் கட்டும்போது நெல்லையோ கேழ்வரகையோ முளைக்க வைத்துப் பச்சைப் புல்வெளி போடுவார்கள். பெங்களூரில் ராகிக்குப் பஞ்சமில்லை. பிள்ளைக்கும் இதுதான் பத்து நாள் தினமும் வேலை கொடுக்கும்.

முதலில் ஒரு சோதனை. டிசம்பர் முதல் வாரமே இருபது தானியத்தை ஈரத்துணியில் சுற்றி மூன்று நாள் வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் முளைக்காவிட்டால் பழைய சரக்கு, வேறு கடையில் வாங்குங்கள். விதைக் கடையில் கேட்டு இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் ஏறிய விதையைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது மருந்து கலந்து நேர்த்தி செய்த விதை, பிள்ளை தொடக் கூடாது.

13ஆம் தேதி இரவு ஒரு கைப்பிடி ராகியை ஊற வையுங்கள். மறுநாள் காலை வடித்துத் துணியில் முடிந்து ஒரு நாள் வையுங்கள். 15ஆம் தேதி, அடியில் ஓட்டை போட்ட ஆழமில்லாத தட்டில் நனைத்த தென்னைநார்க் கழிவை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். பிள்ளையின் பங்கு, தூவுவது. ஒரே இடத்தில் கொட்டத்தான் செய்வாள். கவலையில்லை, அவள் எழுந்து போன பிறகு நீங்கள் உள்ளங்கையால் நிரவிவிடலாம். மேலே மெல்லிசாக இன்னும் கொஞ்சம் நார்க் கழிவு, அதன் மேல் ஈரச் செய்தித்தாள். இரண்டு நாள் கழித்துத் தாளை எடுத்துவிட்டு வெளிச்சம் படும் ஜன்னலோரம் வையுங்கள்.

தினமும் காலை, மாலை தண்ணீர் தெளிப்பது பிள்ளையின் வேலை. புதுத் தெளிப்பான் பாட்டிலாக வாங்குங்கள். சுத்தம் செய்யும் திரவம் இருந்த பழையது வேண்டாம். எங்கள் வீட்டில் "புல்லுக்குப் பசிக்குது" என்று அவளே வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

மூன்றாம் நாள் முளைகளைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போலத் தெரியும். பூஞ்சை என்று பயந்து கொட்டிவிடாதீர்கள். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். படிந்து மறைந்தால் அது வேர்த் தூவி, நல்லது. தெளித்தபிறகும் சிலந்தி வலை போல நின்றால்தான் பூஞ்சை. அந்த இடத்தை மட்டும் கரண்டியால் அள்ளி எறிந்துவிட்டுத் தண்ணீரைக் குறையுங்கள்.

பெங்களூரில் டிசம்பர் இரவுகள் 15, 16 டிகிரிக்கு இறங்குவதால் ஊரைவிட வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். எங்களுக்கு 24ஆம் தேதி ராகி இரண்டு விரல் உயரத்தில் பாசி போல அடர்த்தியாக நின்றது. பக்கத்துத் தட்டில் போட்ட கோதுமை அதைவிட மூன்று மடங்கு உயரம். குடிலின் முன்னே மேய்ச்சல் நிலத்துக்கு ராகி, பின்னே வயலுக்குக் கோதுமை. நாள் பிந்திவிட்டதா? 18ஆம் தேதிகூடக் கடுகு அல்லது வெந்தயம் தூவலாம், வேகமாக எழும்பிவிடும். குடிலில் வைக்கும் சுரூபங்கள் (சிலைகள்) உடையக் கூடியவை என்றால் பிள்ளைக்கென்று துணியில் செய்த இரண்டு ஆட்டுக்குட்டியைக் கொடுங்கள்.

9. வெண்டைக்காய் அச்சுத் தாள்

பரிசு சுற்றும் தாளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் தானாகவே நட்சத்திரம். சமையலுக்கு ஆகாத முற்றின காயாகப் பார்த்துத் தடிமனான இடத்தில் வெட்டுங்கள், காம்புப் பக்கம் பிள்ளைக்குக் கைப்பிடி. வெட்டியதும் வழுவழுப்பில் கலர் பிடிக்காது; ஒரு மணி நேரம் காற்றில் வைத்துத் துணியால் ஒற்றி எடுங்கள். இதைச் சொல்லித் தர ஆளில்லாமல் எனக்கு முதல் இரண்டு தாள் வீணாயிற்று.

பிரவுன் தாளைத் தரையில் நான்கு மூலையும் டேப் போட்டு ஒட்டுங்கள். வெள்ளைக் கலர், அதே ஸ்பாஞ்சுத் தட்டு. பிள்ளை குத்துவதற்குப் பதில் இழுத்துத் தேய்ப்பாள். நீங்கள் 'தொம்... தொம்...' என்று தாளம் சொன்னால் அதோடு குத்தப் பழகிவிடுவாள். அரை மணியில் காய்ந்துவிடும்.

10. ஜன்னல் நட்சத்திரம்

கருப்பு அட்டையில் பெரிய நட்சத்திரச் சட்டம் வெட்டுங்கள். ஒட்டும் பிளாஸ்டிக்கின் மேல்தாளை உரித்து, ஒட்டும் பக்கம் வெளியே தெரியும்படி பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் கதவில் டேப் போட்டு, அதன் மேல் சட்டத்தை ஒட்டுங்கள். பட்டத் தாளையோ கண்ணாடித் தாளையோ தீப்பெட்டி அளவுத் துண்டுகளாக வெட்டிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. பிள்ளையின் பங்கு ஒட்டுவது. பசை இல்லை, ஈரம் இல்லை, இந்தப் பட்டியலிலேயே துடைக்க வேண்டாத ஒரே வேலை. கிழியாத கண்ணாடித் தாள் துண்டை வாய்க்குள் போட்டுவிடாமல் மட்டும் பக்கத்திலேயே இருங்கள். நிரம்பியதும் இன்னொரு பிளாஸ்டிக்கால் மூடி, ஓரத்தை வெட்டுங்கள்.

டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்குப் பார்த்த ஜன்னலில் வைத்தால் கலர் வெளிச்சம் தரையில் விழும். அந்த ஜன்னலுக்குக் கீழே ஏறி நிற்கும்படி நாற்காலியோ பெட்டியோ இருக்கக் கூடாது.

11. எடுத்து வைப்பது

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் எல்லாவற்றையும் கழற்றினோம். உப்பு மாவு நட்சத்திரத்தின் பின்னால் பிள்ளையின் வயதை எழுதி, ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, பழைய பிஸ்கட் டப்பாவில் ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து போட்டு இறுக்கி மூடுங்கள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டப்பாவைச் சமையலறைப் பரணில் வைக்காதீர்கள், குக்கர் நீராவி போய்ச் சேரும் இடம் அது. துணி அலமாரியின் மேல்தட்டு நல்லது. ஜூன் மாதம் மழை தொடங்கியதும் ஒருமுறை திறந்து அரிசியை மாற்றுங்கள்.

ராகிப் புல்லை எறிய வேண்டாம். நார்க் கழிவோடு அப்படியே பூந்தொட்டியில் கவிழ்த்தால் உரம். எங்கள் கறிவேப்பிலைத் தொட்டியில் போட்டோம்; கவிழ்த்தது பாப்பா.